கடலோர வீட்டுக்கு இதம் தருவது எது: வண்ணமா, சொரசொரப்பா?

வீட்டை இதமாக்குவது எப்படி என்று தேடினால் எல்லா வீடியோவிலும் ஒரே பாட்டுதான்: அடர் நிறச் சுவர், வெல்வெட் குஷன், கால் புதையும் கம்பளம். பனி கொட்டும் ஊரில் அது சரி, அங்கே வீட்டுக்குள் கதகதப்பு வேண்டும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருக்கிற நமக்கு வெளியே மணலும் கடலும் சேர்ந்து கண்ணைக் கூச வைக்கிற வெளிச்சம், உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டுகிற உப்புக்காற்று. வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் கண்ணும் தோலும் ஓய்வெடுக்க வேண்டும், இந்தக் கரையில் இதம் என்றால் அதுதான். அதைத் தருவதில் சொரசொரப்புக்கும் நெசவுக்கும்தான் முதல் இடம், வண்ணம் அதற்கு அடுத்துதான் என்பது என் கட்சி.

முதலில் சுவர். எமல்ஷன் பெயின்ட்டா, சுண்ணாம்பா? எமல்ஷன் அடித்த அன்று பளிச்சென்று இருக்கும், கறை பட்டால் துடைக்கலாம், கடையில் கேட்ட நிறம் கிடைக்கும். ஆனால் நம் பக்கத்து மணலிலும் நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கிறது. ஈரம் சுவரில் ஏறும்போது அந்த உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது, ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் மேலே படிகமாகத் தங்குகிறது. எமல்ஷன் சுவரின் மேல் ஒரு தோல்போலப் படிவதால் படிகம் அதற்கு அடியில் வளர்ந்து பெயின்ட்டை நெட்டித் தள்ளும், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் பொரிந்து உதிர்வதை இங்கே பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூக்கத்தான் செய்யும், ஆனால் துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலே இன்னொரு பூச்சு போட்டால் முடிந்தது. சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது அதன் மேற்பரப்பு. தூரிகை போன தடம் லேசாகத் தெரியும், ஒரே நிறத்துக்குள்ளேயே மேடு பள்ளமாய்ச் சாயல் இருக்கும், வெளிச்சம் அதில் பட்டால் கண்ணில் திருப்பி அடிக்காது. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், அது உண்மைதான். அதனால் சாய்ந்து உட்காரும் இடத்தில் பாயையோ துணியையோ தொங்கவிட்டுவிடலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் டெக்ஸ்சர் பெயின்ட் என்று ஒன்றை விற்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் வரிவரியான அந்தப் பள்ளங்களில் மணலும் தூசியும் போய் உட்கார்ந்துவிடும், துடைத்தாலும் போகாது. ஜன்னல் இல்லாத உள்சுவர் ஒன்றுக்கு வேண்டுமானால் போடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். கடற்கரை வீடு என்றதும் நீலமும் வெள்ளையும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தாலே நீலம் கொட்டிக் கிடக்கிறது, உள்ளேயும் அதையே பூசினால், வாடைக் காலத்தில் வானம் மூடிக் கிடக்கும்போது அறை முழுக்கச் சோர்ந்துபோய்விடும். தூய வெள்ளையோ பகல் வெளிச்சத்தை அப்படியே பெருக்கிக் கொடுக்கும். என் ஓட்டு சுண்ணாம்பில் மஞ்சள் காவியைக் கொஞ்சமாகக் கலந்த வெளிர் சந்தன நிறத்துக்குத்தான். மண்ணிலிருந்து வரும் காவி நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், வேறு பல சாயங்கள் அதில் வெளுத்துவிடும் என்பது இதில் கூடுதல் வசதி. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை ஒருமுறை போய்ப் பாருங்கள், அந்தச் சிவப்பும் மஞ்சளும் மங்கிய பிறகும் ஒரு கூடத்தை எப்படி நிறைக்கின்றன என்று தெரியும். ஆனால் மேற்கு வெயில் நேராக விழும் அறைக்குச் செங்காவி வேண்டவே வேண்டாம், சாயங்காலம் அறை கொதிப்பதுபோல் இருக்கும். அங்கே சாம்பல் கலந்த வெளிர் பச்சை நல்லது.

தரையில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ரெட் ஆக்சைடு தரை காலுக்குச் சுகம், நன்றாகப் போடத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அதுதான். இல்லையென்றால் ஆத்தங்குடிக் கல். அதைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், புழங்கப் புழங்க மெருகேறும். பளபள டைல்ஸ் ஏற்கெனவே இருந்தால் பெயர்க்க வேண்டாம், மேலே விரிப்பு போட்டாலே கூச்சம் பாதி குறைந்துவிடும்.

எந்த விரிப்பு என்பதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். கம்பளத்தின் மயிருக்குள் மணல் இறங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு, அதில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகையில் மக்கல் வாடை வரும். பவானி ஜமக்காளம் நிறத்துக்கு நிறமும் ஆயிற்று, துவைத்துக் கொடியில் போடவும் முடியும், ஆனால் நனைந்தால் கனம் தாங்காது. கோரைப்பாய் வழுவழுப்பு, படுக்க அருமை. எனக்கு எல்லாவற்றிலும் முதலில் நிற்பது பனையோலைப் பாய்தான். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, ஓலை முடையத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. அகலமான அந்த முடைச்சல், உட்காரும்போது வரும் சரசரப்பு, நாளாக ஆக வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுவது, இதற்கு ஈடாக எந்தக் கடையில் வாங்க முடியும்? மடித்தால் ஒடியும், அதனால் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மழைக்காலத்தில் வெயில் கண்ட அன்றெல்லாம் காயப்போட வேண்டும். சாயம் ஏற்றிய ஓலைப்பெட்டிகள் இரண்டை மூலையில் வைத்தால் அறைக்கு வேண்டிய பளிச் நிறமும் அதிலேயே வந்துவிடும்.

உட்கார, சோபாவா நார்க்கட்டிலா? செயற்கைத் தோல் சோபா ஈரக்காற்றில் உரிந்து உரிந்து விழும், அந்தப் பூச்சையே ஈரம் மெல்லச் சிதைக்கிறது. பனைநார்க் கட்டிலில் முதுகுக்குக் கீழே காற்று ஓடும், நார் தளர்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். மேலே பருத்தி விரிப்பு ஒன்று போதும்.

அலங்காரத்துக்கு ராமேஸ்வரத்தில் சிப்பித் தோரணம் வாங்கலாம், காற்றில் ஆடும்போது நன்றாகவே இருக்கும். ஆனால் பவளம், கடல்விசிறி என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, மன்னார் வளைகுடாவில் பல மீன்கள் குஞ்சு பொரிக்கிற இடம் பவளப் பாறைகள்தான்.

அப்புறம் விளக்கு. பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் டப்பாவில் போட்டிருப்பார்கள். 6500 கெல்வின் வெள்ளை பல்பின் கீழே காவிச் சுவரும் வெளிறும், ஓலையும் உயிரில்லாமல் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பைக் கூரையில் மாட்டாமல் சுவரோரம் தாழ்வாக வைத்தால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு முடைச்சலும் எடுப்பாகத் தெரியும். வாடகை வீட்டில் சுவரைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் அந்த பல்பையும் ஒரு ஓலைப்பாயையும் மட்டும் வாங்குங்கள், சுவரை அப்படியே விட்டுவிடுங்கள்.