டைனோசர் மாதிரிகள்: சில வேலூர் கோடைகளுக்குப் பிறகு

டைனோசர் மாதிரியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே மதிப்பெண் போடுபவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நாலைந்து கோடை போன பிறகு எது நிமிர்ந்து நிற்கிறது, எது சாய்கிறது, எதன் வால் நுனியில் வண்ணம் உதிர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சத்துவாச்சாரியில் என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. அக்னி நட்சத்திரத்தில் இரும்பு பீரோவைத் தொட்டால் கை சுடும். இந்த அறையில் தாக்குப்பிடிக்கும் மாதிரி எந்த ஊரிலும் தாக்குப்பிடிக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருவத்துக்குக் காசு கொடுங்கள், ஆலையில் அடித்துவரும் வண்ணத்துக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வண்ணத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி லாங் பஜாரிலேயே கிடைக்கும்.

இந்த முடிவுக்குப் பாதிக் காரணம் விலை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் தர முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு இது நல்லதாக இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்குச் சில ஆயிரம் மாதிரிகள் மட்டும் விற்கும் சின்ன வெளிநாட்டுத் தயாரிப்பாளர் இந்தியாவுக்காகத் தனியாகப் பரிசோதனைச் சான்று வாங்குவாரா? மாட்டார். ஆகவே இங்கே கிடைப்பது குறைவு, கிடைப்பதும் விலை அதிகம். புதிது வாங்குவதைவிடக் கையில் இருப்பதை மாற்றித் தீட்டுவதில் என் ஆர்வம் போனது இப்படித்தான்.

இனி ஒவ்வொன்றாக. ஜெர்மனியின் ஷ்லைக் மாதிரிகள் உறுதியானவை. பாதங்களைப் பெரிதாகச் செய்வதால் இரண்டு கால் விலங்குகளும் சாயாமல் நிற்கின்றன. அந்தப் பெரிய பாதம்தான் பார்க்கச் சகிக்காது என்பது வேறு விஷயம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் சரி. பிரான்சின் பாப்போ நேர் எதிர். செதுக்கலில் அவ்வளவு நுணுக்கம், கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் உயிரோடு இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த உருவங்களில் சினிமாவின் சாயல் அதிகம், அறிவியல் கொஞ்சம் பின்னால்தான் வரும். அமெரிக்காவின் சஃபாரி லிமிடெட் உடலமைப்பில் கவனமாக இருக்கும், வண்ணம் சாதாரணம். மறுபடி தீட்டுவதற்கு என் முதல் தேர்வு இதுதான். கலெக்டாவில் 1:40 அளவு, அதாவது நிஜ விலங்கில் நாற்பதில் ஒரு பங்கு நீளம், என்ற வரிசை ஒன்று இருக்கிறது. ஒரே அளவில் சேர்க்க நினைப்பவர்களுக்கு அது பெரிய வசதி. சீனாவின் பி.என்.எஸ்.ஓ. மாதிரிகளில் உருவமும் சரி, வண்ணமும் சரி, நான் கைவைக்க ஒன்றும் இல்லை. அவற்றை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். பஜாரில் கவரில் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் பெயர் தெரியாத ரப்பர் டைனோசர்களையும் ஒதுக்காதீர்கள். தூரிகைப் பழக்கத்துக்கு அவற்றைவிட நல்ல பலகை கிடையாது.

செதுக்கலைப் பற்றிச் சொல்லும்போது ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். என்னிடம் இருந்த ஒரு மாதிரியைக் கையில் எடுத்தார். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்தார். “இன்னாபா இது, கழுத்தெல்லாம் மாட்டுத்தோல் சுருக்கமா இருக்கு? பல்லி சாதின்னா செதில்தானே இருக்கணும்?” என்றார். அவர் எந்தப் புத்தகமும் படித்துவிட்டுச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது சரி. கிடைத்திருக்கும் தோல் பதிவுகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சின்னச் சின்னச் செதில்களைத்தான் காட்டுகின்றன. யானைத்தோல் மடிப்புகளைப் பெரிதாகச் செதுக்கினால் விற்பனைக்கு எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அன்றிலிருந்து மாதிரி வாங்கும்போது நானும் படத்தில் கழுத்தையும் தொடையையும்தான் முதலில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

வெயிலுக்கு வருவோம். இந்த மாதிரிகள் பெரும்பாலும் மிருதுவான பி.வி.சி.யில் செய்தவை. சூடேறினால் இளகும். நான்கு கால் விலங்குகளுக்குப் பிரச்சினை இல்லை. ஒல்லியான கணுக்காலோடு இரண்டு காலில் நிற்கும் மாமிச உண்ணிகள்தான் ஏப்ரலில் மூக்கைக் கீழே இறக்க ஆரம்பித்து, மே கடைசியில் குப்புற விழும். சுடுதண்ணீரில் காலை ஓரிரு நிமிடம் அமிழ்த்தி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நேராகிவிடும். ஆனால் அடுத்த கோடையில் மறுபடி சாயும். நிரந்தர வழி, பாதத்தில் துளை போட்டு ஒரு கெட்டிக் கம்பியைச் செருகி மரக்கட்டையில் நிறுத்துவதுதான். காட்பாடிப் பக்கம் மர வேலை செய்யும் இடங்களில் மிச்சத் துண்டுகள் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

வண்ணம் என்று வரும்போது ஹார்ட்வேர் கடை எனாமலைத் தொடாதீர்கள். பி.வி.சி.யை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்ல மெல்ல மேலே கசிந்து வரும். எனாமல் அதோடு கலந்தால் காயவே காயாது. எனாமல் பூசிய பழைய மாதிரி ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கினேன். இன்றைக்கும் தொட்டால் விரல் ஒட்டுகிறது, தூசியெல்லாம் அதன் முதுகில்தான். பல ஸ்ப்ரே டப்பாக்களும் இதே வேலையைச் செய்யும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான் சரி. பாத்திரம் கழுவும் சோப்பால் மாதிரியைத் தேய்த்துக் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, வண்ணம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவை மெல்லிசாக ஒரு கை பூசினால் போதும். வலேஹோ, சிட்டடல் வண்ணங்கள் அருமையானவைதான். சின்னக் குப்பியின் விலையைப் பார்த்தால் மனசு வராது. அடிப்பூச்சுக்கும் பெரிய பரப்புக்கும் ஃபெவிக்ரில், கேமல் இரண்டுமே போதும். கண், நாக்கு, நகம் மாதிரியான இடங்களுக்கு மட்டும் விலை கூடியதை வைத்துக்கொள்கிறேன். நிறத்துகள் அதில் இன்னும் நைசாக அரைபட்டிருப்பதால் மெல்லிய கோடு உடையாமல் வரும்.

மே மாதத்தில் இன்னொரு தொல்லை, தட்டிலிருந்து மாதிரிக்குப் போவதற்குள் தூரிகையிலேயே வண்ணம் காய்ந்துவிடும். பழைய டிபன் பாக்ஸ் ஒன்றில் ஈர ஸ்பாஞ்சைப் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதில் வண்ணத்தைக் குழையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு மாதிரி. ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசும் மேட் வார்னிஷ் மட்டும்தான்.

சரி, என்ன நிறம் அடிப்பது? இது முழுக்கக் கற்பனை என்று நினைத்த காலம் போய்விட்டது. இறகின் தொல்லெச்சத்தில் நிறத்துகள்களின் வடிவத்தைப் பார்த்து, சைனோசாரோடெரிக்ஸ் என்ற சின்ன இறகு டைனோசரின் வால் செம்பழுப்பும் வெளிர்நிறமும் மாறி மாறி வந்த பட்டைகள் என்று 2010-ல் சொன்னார்கள். இறகுள்ள இன்னொரு சின்ன டைனோசரான மைக்ரோராப்டர் காக்கையைப் போல மினுமினுக்கும் கறுப்பு என்பது 2012-ல் வந்தது. எனக்கு ரொம்பப் பயன்பட்டது கனடாவில் கிடைத்த போரியலோபெல்டா பற்றிய 2017-ஆம் வருட ஆய்வு. ஐந்தரை மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை, உடம்பெல்லாம் கவசம். அப்படிப்பட்டதற்கே முதுகு செம்பழுப்பு, வயிறு வெளிர்நிறம். இன்றைக்கு யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் அந்த மாதிரி மறைப்பு நிறம் தேவைப்படவில்லை. இந்தக் கவச விலங்கு அப்படியும் ஒளிய வேண்டியிருந்தது என்றால், அதை வேட்டையாடியது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! எனவே எந்த மாதிரியானாலும் முதுகை அடர்த்தியாகவும் வயிற்றை வெளுப்பாகவும் தீட்டுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பொம்மைத்தனம் பாதி போய்விடும்.

மிச்சத்துக்கு நம் ஊரே போதும். வேலூரைச் சுற்றியிருக்கும் மொட்டைப் பாறை மலைகளில் பாறை ஓணானைப் பார்த்திருப்பீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு பளீரென்ற செம்மஞ்சள், பக்கவாட்டில் தார்க் கறுப்பு. பெண் பாறையோடு பாறையாகக் கிடக்கும் பழுப்பு. அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்ப முடியாது. ஒரே மாதிரியில் இரண்டு வாங்கி ஆண், பெண் என்று தீட்டும் யோசனையை எனக்குக் கொடுத்தது இந்த ஓணான்தான். கரடுமுரடான பெரிய தோலுக்குச் சாத்தனூர் அணையின் முதலைப் பண்ணைக்குப் போய் நின்று பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், கரையேறிக் காய்ந்த பிறகு சாம்பல் பூத்த வேறு நிறம். அந்தச் சாம்பலைக் கொண்டுவர, தூரிகையில் வண்ணத்தைத் துடைத்தெடுத்து, கிட்டத்தட்ட வெறும் தூரிகையாலேயே செதில் முனைகளை உரச வேண்டும்.

என் அலமாரியில் எனக்குப் பிடித்தது ஒரு ராஜாசாரஸ். குஜராத்தின் ரஹியோலியில் 1980-களில் எடுத்த எலும்புகளை வைத்து 2003-ல் பெயரிட்ட நம் நாட்டு மாமிச உண்ணி. அதன் முழு அறிவியல் பெயரில் நர்மதை நதியின் பெயரும் சேர்ந்திருக்கிறது. இது அர்ஜென்டினாவின் கார்னோடாரஸுக்கும் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸுக்கும் பங்காளி. மூன்று நிலமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த கோண்டுவானாவின் துண்டுகள். ஆகவே ஒரு கார்னோடாரஸ் மாதிரியை எடுத்து இரண்டு கொம்புகளையும் பிளேடால் சீவி எடுத்தேன். நெற்றி நடுவே எம்-சீல் வைத்து ஒற்றைத் திமிலாகத் தாழ்வாக உருட்டினேன். முகத்தைக் கொஞ்சம் நீட்டினேன். 6.6 மீட்டர் என்ற கணக்கை எடுத்துக்கொண்டால் 1:40 அளவில் பதினாறரை சென்டிமீட்டர் வர வேண்டும், ஆகவே வாலில் கொஞ்சம் வெட்டினேன். எம்-சீல் கல்லாக இறுகுவதற்குள் ஈர விரலால் வழித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ஒற்றி எடுத்தால் தோல் அச்சு விழும். வண்ணம் நம்ம பாறை ஓணானுடையதுதான். ராஜாசாரஸின் நிறம் யாருக்கும் தெரியாது, ஆகவே என்னிடம் சண்டைக்கு வரவும் ஆள் இல்லை.

சண்டைக்கு வருவது அக்கா பையன் மட்டும்தான். “மாமா, இன்னா பல்லையே காணோம்? வாயை மூடிட்ட?” என்று கேட்டான். பெரிய மாமிச உண்ணிகளுக்கு உடும்புக்கு இருப்பது போலப் பல்லை மூடும் உதடு இருந்திருக்க வேண்டும் என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்ததால் டி. ரெக்ஸுக்கு உதடு வைத்துவிட்டேன் என்று விளக்கினேன். அவனுக்குப் பல் தெரிந்தால்தான் டைனோசர். அவனுக்காக ஒன்றை மட்டும் பழையபடி விட்டிருக்கிறேன்.

இத்தனை கோடைக்குப் பிறகு நிலவரம் இது. உடம்பில் பூசிய அக்ரிலிக் அசையவில்லை. வால் நுனி, விரல்கள், திறந்து மூடும் தாடையின் கீல் ஆகிய மூன்று இடங்களில் உதிர்கிறது, ஏனென்றால் அடியில் உள்ள பி.வி.சி. வளைகிறது, மேலே உள்ள பூச்சு வளைவதில்லை. தாடை அசையும் மாதிரிகளை நான் இப்போது வாங்குவதில்லை. ஜன்னல் வெயில் பட்ட பக்கத்தில் ஆலைச் சிவப்பு ஒன்று நன்றாகவே வெளுத்துவிட்டது. நான் அடித்த மண் நிறங்கள் அப்படியே இருக்கின்றன, அவை காவி, பழுப்பு வகை என்பதால். தபாலில் வரும்போது மாதிரிகள் உடைவது அரிது, நசுங்கி வளைவதுதான் வழக்கம். ஒரு விற்பனையாளர் காற்றுக் குமிழி உறைகூட இல்லாமல் அனுப்பிய நீள்கழுத்து விலங்கின் கழுத்து இன்னமும் சுடுதண்ணீருக்கு மசியவில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் சஃபாரியின் நான்கு கால் மாதிரி ஒன்று வாங்குங்கள். டிரைசெராடாப்ஸ் நல்லது. சாயாது, முகத்தில் விளையாட இடம் நிறைய, முதுகு–வயிறு நிறப் பிரிவும் சுலபம். கூடவே அக்ரிலிக்கில் கறுப்பு, வெள்ளை, காவி, அடர்பழுப்பு, மஞ்சள். தூரிகை மூன்று போதும், அதில் ஒன்று மயிர் தேய்ந்த பழையதாக இருக்கட்டும். வேலையை மாசி மாதத்தில் தொடங்குங்கள். மழையும் இல்லை, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.