3ஆர்ஸ் பாலியல் கல்விப் பாடத்திட்டம்: தரவிறக்கும் முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்

'ரைட்ஸ், ரெஸ்பெக்ட், ரெஸ்பான்சிபிலிட்டி', சுருக்கமாக 3ஆர்ஸ். மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அமெரிக்கப் பள்ளிகளுக்கென அட்வகேட்ஸ் ஃபார் யூத் அமைப்பு இலவசமாகத் தரும் பாடத்திட்டம். தரத்தில் குறையில்லை. எந்த மாநிலத்தில் நடத்துகிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

ஒவ்வொரு பாடத்திலும் முன்னேற்பாடு, தேவையான பொருட்கள், கற்றல் நோக்கம், படிப்படியான செய்முறை, படிக்கு இத்தனை நிமிடம் என்ற குறிப்பு எல்லாம் உண்டு. ஆசிரியர் சொல்ல வேண்டிய வாக்கியங்களே எழுதித் தரப்பட்டிருப்பது பெரிய வசதி. வகுப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் முதல் ஐந்து நிமிடத்தை அது கடத்திவிடும். நிமிடக் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் கடைசிப் படி அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். 6 முதல் 8 வரையிலான வகுப்புப் பாடங்களே தொகுப்பில் மிகச் சிறந்தவை.

கலிபோர்னியாவில் தயங்காமல் எடுக்கலாம். 2016 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், நடுநிலைப் பள்ளியில் ஒருமுறையும் உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் விரிவான பாலியல் கல்வியைக் கட்டாயமாக்குகிறது. வேண்டாம் என்று பெற்றோர் எழுதித் தந்தால் மட்டுமே பிள்ளைக்கு விலக்கு.

டெக்சாசில் எல்லாம் தலைகீழ். பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் பிள்ளை வகுப்பில் உட்கார முடியாது. 2021இல் வந்த இந்த விதி 2024 ஆகஸ்டில் காலாவதியானது. 2025இல் எஸ்பி 12 சட்டம் அதை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. பாடம் தொடங்க 14 நாளுக்கு முன்பே படிவம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சுற்றுலா அனுமதி, தடுப்பூசித் தாள் இவற்றோடு சேர்த்து அனுப்பக் கூடாது. அதற்கும் முன்னால், பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி நல ஆலோசனைக் குழு இரண்டு பொதுக் கூட்டங்களாவது நடத்திப் பாடத்திட்டத்தைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே ஜனவரியில் பாடம் என்றால் ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

பாடத்துக்குள்ளும் கை வைக்க நேரும். மணமாகாத பள்ளி வயதினருக்குப் பாலுறவைத் தவிர்ப்பதே முதல் தெரிவு என்று சொல்லியாக வேண்டும்; வேறெந்த முறையையும்விட அதற்கே அதிக நேரம் தர வேண்டும். ஆணுறை விநியோகத்துக்குத் தடை. கருத்தடை முறைகளின் பலனை நடைமுறைக் கணக்கில்தான் காட்டலாம்: ஆணுறைக்குப் பிழையில்லாப் பயன்பாட்டில் தோல்வி ஆண்டுக்கு 2 சதவீதம், நடைமுறையில் 13. இந்த ஒரு விதியை மட்டும் எல்லா மாநிலங்களுமே கடன் வாங்கலாம்.

புளோரிடாவில் அப்படியே நடத்த வழியில்லை. 2023 சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை பாலின அடையாளம் பற்றிய பாடத்துக்கு இடமில்லை. இனப்பெருக்க நலம் குறித்த பாடநூல்களுக்கு மாநிலக் கல்வித்துறையின் ஒப்புதலும் வேண்டும். பாலினம் பற்றிய முதல் வகுப்புப் பாடமான 'பிங்க், ப்ளூ அண்ட் பர்ப்பிள்' அங்கே முதலிலேயே போய்விடும். கீழ் வகுப்புப் பாடங்களை இப்படி உருவிவிட்டால், மேல் வகுப்பில் அடிப்படைச் சொற்களைச் சொல்லித்தரவே தனியாக ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டியிருக்கும்.

பாடங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கிடைக்கின்றன. டெக்சாசின் டாலஸ் பக்கத் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க: கையெழுத்திடாத படிவம் பையிலேயே கிடந்தால், கலிபோர்னியாவில் பிள்ளை பாடம் கேட்கும், உங்கள் ஊரில் அந்த நேரம் நூலகத்திலோ வேறு அறையிலோ கழியும்.