டைமிங் பெல்ட் மட்டும் போதுமா, டென்ஷனரோட முழு செட்டா?

மாமாவோட சான்ட்ரோவுக்கும் மச்சானோட டஸ்டர் டீசலுக்கும் ஒரே மாசத்துல டைமிங் பெல்ட் வேலை வந்துச்சு, ரெண்டு வண்டி பக்கத்துலயும் நான்தான் நின்னேன், சென்னை வியாசர்பாடி ஷெட்ல ஆரம்பிச்சு ஸ்பேர் கடை வரைக்கும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், பெல்ட் மட்டும் போடவா இல்ல செட்டாவே போடவான்னு. டைமிங் பெல்ட்டுன்னா பிஸ்டனோட சேந்து சுத்தற கிராங்கையும் வால்வை திறக்கற கேமையும் கணக்கா ஒண்ணா சுத்த வைக்கற பல்லு வெச்ச ரப்பர் பெல்ட், டென்ஷனர் அதை இறுக்கமா பிடிச்சு வைக்கற உருளை. (ஸ்விஃப்ட் 1.3 டீசல், கே10பி இன்ஜின் ஆல்ட்டோ வெச்சிருக்கறவங்களுக்கு இது தேவைப்படாது, அதெல்லாம் செயின்.)

பெல்ட் மட்டும் போடறதுல இருக்கற ஒரே லாபம் கைக்காசு. டென்ஷனர் நல்லா இருக்குன்னு காட்ட மெக்கானிக் அதை விரலால சுண்டி விடுவார், அது சத்தமே இல்லாம சுத்திக்கிட்டே இருக்கும், நாமளும் நம்பிடுவோம். மாமா வண்டில கழட்டின பழசையும் புதுசையும் ரெண்டு கைலயும் வெச்சு நானே சுத்திப் பாத்தேன். பழசு சுண்டினா பம்பரம் மாதிரி நிக்காம ஓடுது, புதுசு அரை சுத்துல நின்னுடுது. நிக்கறதுதான் நல்லது, ஏன்னா உள்ள கிரீஸ் இருக்கு. சுலபமா ஓடறது கிரீஸ் காஞ்ச பேரிங்.

இதை நான் தெரிஞ்சுக்கிட்டது காசு குடுத்து. முன்னாடி வெச்சிருந்த இண்டிகா டீசலுக்கு பெல்ட் மட்டும் மாத்தினோம், எட்டு மாசம் கழிச்சு காலைல ஸ்டார்ட் பண்றப்ப கீச்சுன்னு ஒரு சத்தம், சூடானா போயிடும், அதனால விட்டுட்டேன், ரெண்டு நாள்ல மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது வண்டி செத்துப்போச்சு. சாவி திருப்பினா இன்ஜின் எந்த பாரமும் இல்லாம விர்ர்ருன்னு சுத்துது. அப்படி சுத்தினா தயவுசெஞ்சு மறுபடி திருப்பாதீங்க, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சேதம். கவரை கழட்டினா பெல்ட் அறுந்தே போகல, டென்ஷனர் பேரிங் ஜாமாகி பெல்ட்டோட முதுகு உருகி பல்லெல்லாம் சீவின மாதிரி இருந்துச்சு. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து, அந்த கணக்கு தப்பிடுச்சுன்னா பிஸ்டன் மேல வர்ற நேரத்துல வால்வு கீழ நிக்கும், முட்டி வளைஞ்சிடும். ஹெட்டை இறக்கி வால்வு மாத்தி, மறுபடி பெல்ட், மறுபடி அதே கூலி. அன்னிக்கு மிச்சம் பிடிச்ச டென்ஷனர் காசு எந்த மூலைக்கு?

முழு செட்டுன்னா பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழி காட்டற உருளை) இருக்கற வண்டிக்கு ஐட்லர். டஸ்டர்ல வாட்டர் பம்பை ஓட்டறதும் டைமிங் பெல்ட்தான், அதனால பம்பும் சேத்து மாத்திடுங்க, இல்லன்னா நாளைக்கு பம்ப் ஒழுகினா கூலண்ட் பட்டு புது பெல்ட்டும் வீணாகும். பழைய ஸ்பேர் விக்கற புதுப்பேட்டைல கதவு வாங்குங்க கண்ணாடி வாங்குங்க, கழட்டின டென்ஷனர் மட்டும் வேண்டாம்.

ஆனா செட்டு வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு இல்ல, செட்டிங்லதான் எல்லாமே இருக்கு. ரெண்டு வண்டிக்கும் முறை வேற. சான்ட்ரோல இருக்கறது ஸ்பிரிங் டென்ஷனர், ரெண்டு போல்ட்டையும் லூஸ் பண்ணினா ஸ்பிரிங்கே தேவையான அளவு தள்ளிக்கும், நம்ம கையால அழுத்தவே கூடாது, கிராங்கை ஓடற திசைலயே கொஞ்சம் சுத்திட்டு நீள ஓட்டை இருக்கற பக்கத்து போல்ட்டை முதல்ல டைட் பண்ணணும், அப்புறம்தான் கீல் பக்கத்து போல்ட். மாத்தி டைட் பண்ணினா போல்ட்டோட சேந்து பிராக்கெட்டும் திரும்பி பெல்ட் ஓவர் டைட் ஆயிடும். இங்க நிறைய பேர் ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பறாங்க, அப்படி ஏத்தின பெல்ட் ஊளையிடும், பேரிங்கையும் சேத்து தின்னும்.

டஸ்டர்ல கிராங்குக்கும் கேமுக்கும் லாக் பின் (சுத்தாம பூட்டி வைக்கற கம்பி) போட்டுட்டு, ஆலன் கீ விட்டு டென்ஷனரை திருப்பி அதுல இருக்கற முள்ளு குறிக்கு நேரா வந்ததும் பிடிச்சுக்கிட்டே நட்டை டைட் பண்ணணும். அளவு கண்ணுக்கு தெரியறதால எனக்கு இதுதான் பிடிச்சுது. ரெண்டு முறைலயும் இன்ஜின் ஆறி இருக்கணும், முடிச்சதும் பின் போட்டிருந்தா எடுத்துட்டு ஸ்பேனரால கிராங்கை முழுசா ரெண்டு சுத்து சுத்தி மார்க்கு மறுபடி சேருதா, முள்ளு நகர்ந்திருக்கான்னு பாக்கணும். எங்கயாவது முட்டினா அங்கயே நிறுத்திடணும். இதை செய்யாம சாவி போடற ஆள்கிட்ட வண்டியை விடாதீங்க.

சர்வீஸ் சென்டரா லோக்கல் மெக்கானிக்கானு கேட்டா, சான்ட்ரோவுக்கு பழகின லோக்கல் ஆள்தான் என் ஓட்டு, பக்கத்துல நின்னு பாக்கலாம். டஸ்டருக்கு யார்கிட்ட லாக் பின் செட்டும் டார்க் ரெஞ்சும் (அளவு பாத்து டைட் பண்ற ஸ்பேனர்) இருக்கோ அவங்க, போர்டை பாக்காதீங்க. பெயின்ட்டால கோடு போட்டுட்டு பின் இல்லாம செஞ்சிடறேன்னு ஒருத்தர் சொன்னார், கும்பிட்டுட்டு வந்துட்டோம்.

எப்ப மாத்தறதுன்னா, வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல கிலோமீட்டரும் வருஷமும் ரெண்டுமே இருக்கும், எது முன்னாடி வருதோ அது. நம்ம பக்கத்துல நான் வருஷத்தைத்தான் நம்புவேன். எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் வரிசைக்கு பின்னாடி முக்கா மணி நேரம் ஐட்லிங்ல நின்னா மீட்டர் ஓடாது, பெல்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணில இறங்கி ஏறின வண்டின்னா கவரை திறந்து ஒரு தடவை பாத்துடுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளத்துல நின்ன வண்டியா இருந்து இன்னும் அதே பெல்ட் ஓடுதுன்னா, கிலோமீட்டரே பாக்காம மாத்திடுங்க, எண்ணெய் ஊறின ரப்பரை நம்ப முடியாது.

மாமா வண்டில கீழ் கவர்ல ஒரு போல்ட்டே இல்ல, அந்த இடுக்கு வழியா ரோட்டு மண்ணு உள்ள போய் கிராங்க் பல்லுக்கு நடுவுல கெட்டியா அப்பி இருந்துச்சு. சுரண்டி எடுத்து, புது போல்ட் போட்டு, மார்க்கரால கவர் மேல தேதியும் கிலோமீட்டரும் எழுதிட்டுத்தான் பானெட்டை மூடினோம்.