ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: 12 அமர்வு முடித்தபின் எழுதுகிறேன்

வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் ஸ்பீக்கிங் (பேச்சு) பகுதிக்காக மூன்று மாதம் இணையவழியில் ஒரு பயிற்சி எடுத்தேன். வீடியோ அழைப்பில் ஒரு ஆசிரியை, ஒரு மாணவி. வாரம் ஒன்று, மொத்தம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். நடத்துவது சிறிய குழு, நான்கைந்து ஆசிரியர்கள்தான். அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. எனக்குப் பலன் தந்தது அவர்கள் கற்றுக்கொடுத்த முறை. அந்த முறை எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நர்ஸ். 12 வருடமாக வார்டில் வேலை. ஆங்கிலத்தில் மருந்துக் குறிப்பு படிப்பேன், ஷிப்ட் முடியும்போது ரிப்போர்ட் எழுதுவேன், டாக்டரிடம் நோயாளியின் நிலையைச் சொல்வேன். அதனால் பேச்சுத் தேர்வு பற்றிப் பயமே இல்லாமல் முதல் முறை போனேன். 9-க்கு 6 வந்தது. எனக்குத் தேவைப்பட்டது 7. நர்ஸ்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் என்றே ஓஇடி தேர்வு இருக்கிறது, அதில் நோயாளியிடம் பேசுவது போன்ற காட்சியை நடித்துக் காட்ட வேண்டும். மற்ற மூன்று பகுதிகளில் ஐஇஎல்டிஎஸ் எனக்கு நன்றாகவே வந்திருந்ததால் இதிலேயே இன்னொரு முறை முயல முடிவு செய்தேன்.

முதல் முறை என்ன நடந்தது என்று சொன்னால்தான் இந்தப் பயிற்சியின் அருமை புரியும். அப்போது வேறொரு வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே தலைப்பு வாரியாக அச்சடித்த பதில்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அதில் மறக்க முடியாத இனிய பயணம் ஒன்று இருந்தது. தேர்வில் எனக்கு வந்த தலைப்பு அட்டையில் இருந்ததோ, திட்டமிட்டபடி நடக்காத ஒரு பயணம். பயணம்தானே என்று மனப்பாடப் பதிலை ஆரம்பித்தேன். அதில் எல்லாமே திட்டமிட்டபடி நடந்துவிடும்! அரை நிமிடத்துக்குள் என் கதைக்கும் அட்டைக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. வாய் நின்றுபோனது. தேர்வாளர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த அமைதி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பதிலைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சியே உண்டு என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்தப் பகுதி மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதலில் வேலை, வீடு, பொழுதுபோக்கு என்று நான்கைந்து நிமிடம் கேள்விகள். அடுத்து ஒரு தலைப்பு அட்டை. யோசிக்க ஒரு நிமிடம், குறிப்பெழுதத் தாளும் பென்சிலும் தருவார்கள், பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் நாம் மட்டும் பேச வேண்டும். கடைசியில் அதே தலைப்பை ஒட்டிப் பொதுவான விவாதம், இதுவும் நான்கைந்து நிமிடம். தங்குதடையின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமான எடை. ஆனால் நம் கைக்கு வரும் முடிவில் ஸ்பீக்கிங்குக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கும். எதில் சறுக்கினோம் என்று தெரியாது. 6 வாங்கிய என்னிடம் யாராவது ஏன் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

இந்தப் பயிற்சியில் முதல் 14 நிமிடம் முழுத் தேர்வு. ஆசிரியை சிரிக்கமாட்டார், தலையாட்டமாட்டார், திருத்தமாட்டார். எல்லாம் பதிவாகும். அடுத்த 20 நிமிடம் அந்தப் பதிவை இருவரும் கேட்போம். மீதி நேரத்தில் அதே அட்டையை எடுத்து மறுபடியும் பேச வேண்டும். இதுவரை பல இடங்களில் நடப்பதுதான். இவர்கள் தரும் வீட்டுப்பாடம்தான் வேறு. அட்டைக்கு நாம் பேசிய அந்த இரண்டு நிமிடத்தை நாமே கேட்டு, சொல்லுக்குச் சொல் கையால் எழுதி, அடுத்த அமர்வுக்கு முன் அனுப்ப வேண்டும். 'ம்', 'ஆ' உட்பட. தவறாகச் சொன்னதைத் தவறாகவே எழுத வேண்டும்.

முதல் தடவை இரண்டு நிமிடப் பேச்சை எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. 'ஆக்சுவலி' 11 முறை வந்திருந்தது. அது கூடப் பரவாயில்லை. வார்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியிருந்தேன், அதில் என் வாக்கியம் இப்படி இருந்தது: 'வென் தி பேஷன்ட் கேம், ஹி இஸ் நாட் பிரீதிங் வெல், ஸோ ஐ கால் தி டாக்டர்.' இறந்த காலத்தில் தொடங்கி ஒரே மூச்சில் நிகழ்காலத்துக்கு வந்துவிட்டேன். இலக்கணம் தெரியாமல் இல்லை. இதையே எழுதச் சொன்னால் சரியாக எழுதுவேன். ஆசிரியைக்குத் தமிழ் தெரியும். அவர் சொன்னார்: "சிஸ்டர், இதையே தமிழில் உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" சொல்லிப் பார்த்தேன். 'அவர் வந்தாரா, மூச்சு விட முடியல, நான் உடனே டாக்டரைக் கூப்பிடறேன்...' நாம் கதை சொல்லும்போது நடந்து முடிந்ததைக் கண் முன்னால் நடப்பது போல் நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். தமிழில் அது அழகு. அந்தப் பழக்கம்தான் என் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருந்தது. காரணம் தெரிந்த பிறகு அந்தத் தவறு எனக்கு எரிச்சலூட்டவில்லை, அடையாளம் காணவும் எளிதாகிவிட்டது.

இதேபோல இன்னொன்று. நான் ஏன் நடுநடுவே நிற்கிறேன் என்று நான்காவது அமர்வில் கண்டுபிடித்தோம். தமிழில் வினை கடைசியில் வரும். எப்போது, ஏன், யாருக்காக என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு முடிவில் 'போனேன்' என்று முடிக்கலாம். ஆங்கிலத்திலும் நான் அப்படியே 'பிகாஸ்', 'வென்' என்று அடுக்கிக்கொண்டே போய், முக்கிய வினை வரும் இடத்தில் எதைச் சொல்ல வந்தேன் என்று தேடி நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியை தந்த பயிற்சி எளிமையானது: யார், என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடு, காரணமும் நேரமும் பின்னால் வரட்டும். மூன்று வாரம் வேறெதுவும் செய்யவில்லை, இதை மட்டும்தான் பழகினேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதையெல்லாம் இப்படி மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். என் தயக்கத்தில் பாதி இங்கேதான் போனது. 'தங்குதடையின்றி' என்றால் வேகமாகப் பேசுவது என்று நினைத்திருந்தேன். உண்மையில் இப்போது முன்பைவிட மெதுவாகவே பேசுகிறேன்.

உச்சரிப்புக்கு ஒதுக்கிய இரண்டு அமர்வுகளையும் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ்காரர் போலவோ அமெரிக்கர் போலவோ பேசச் சொல்லவே இல்லை. தேர்வில் நம் ஊர்த் தொனிக்கு மதிப்பெண் குறைவதில்லை, கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் கணக்கு. என் பேச்சில் மூன்றே விஷயம் எடுத்துக்கொண்டார். 'எவ்ரி' என்பதை 'யெவ்ரி' என்றும் 'ஒன்லி' என்பதை 'வொன்லி' என்றும் சொல்வது ஒன்று. 'எமர்ஜென்ஸி' போன்ற நீண்ட சொற்களில் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்வது இரண்டாவது. அந்தச் சொல்லில் அழுத்தம் 'மர்' மேல் விழ வேண்டும். மூன்றாவதுதான் என்னைத் திகைக்க வைத்தது. 'ஆஸ்க்ட்', 'ஹெல்ப்ட்' போன்றவற்றில் கடைசி 'ட்' என் வாயிலிருந்து வரவே இல்லை. நான் மனதில் இறந்த காலத்தில் பேசியிருப்பேன், கேட்பவர் காதில் நிகழ்காலம் விழும். உச்சரிப்பில் மட்டுமின்றி இலக்கணத்திலும் சேர்த்து இழந்துகொண்டிருந்தேன். யாருமே இதை எனக்குச் சொன்னதில்லை.

கடைசிப் பகுதியான விவாதத்துக்கு இவர்கள் தந்த கவனம் போதாது. என் பலவீனமே அங்கேதான் இருந்தது: 'மக்கள் உதவி கேட்க ஏன் தயங்குகிறார்கள்?' என்று கேட்டால் நான் என் வார்டைப் பற்றியே பேசுவேன். கேள்வி பொதுவாக இருக்கும்போது பதிலும் பொதுவாகத் தொடங்கி, அதன்பின் சொந்த அனுபவத்துக்கு இறங்க வேண்டும் என்று ஒன்பதாவது அமர்வில்தான் சொன்னார்கள். இதை இரண்டாவது வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கேள்வி புரியாவிட்டால் விளக்கச் சொல்லி நாகரிகமாகக் கேட்கலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பதையும் நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

வேறு குறைகளும் உண்டு. ஒரு வாரம் எங்கள் ஆசிரியைக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். 45 நிமிடமும் 'குட், வெரி குட்' என்றார். பணம் கட்டி வரும் ஒருவருக்குப் பாராட்டு மட்டும் எதற்கு? புகார் சொன்னேன், ஒரு அமர்வைத் திரும்பத் தந்தார்கள். அதை மரியாதையாகவே செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமர்வுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நேரம் மாற்றினால் அமர்வு போய்விடும் என்ற விதி, ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுமை. எனக்கு அப்படி ஒன்று போனது.

அப்புறம் அவர்களுடைய செயலி. பேச்சைப் பதிவு செய்தவுடன் தானாக எழுத்தாக்கி, தானாக ஒரு மதிப்பெண்ணும் காட்டும். அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. நான் 'ஆஸ்க்' என்று சொன்ன இடத்தில் அது 'ஆஸ்க்ட்' என்று திருத்தி எழுதியிருந்தது. என் 'ம்', 'ஆ' எல்லாவற்றையும் விட்டுவிட்டது. மூன்றாவது வாரமே எனக்கு 7.5 போட்டது, அதே பதிவுக்கு ஆசிரியை தந்தது 6. என் தவறுகளை மறைத்துக் காட்டும் கண்ணாடி எனக்கு உதவாது. கையால் எழுதச் சொல்வதன் காரணம் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. செயலியில் வரும் மரபுத்தொடர் பட்டியலையும் திறக்கவில்லை. பழகாத தொடரை நடுவில் செருகினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

இரண்டாம் முறை தேர்வு. எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றி அட்டை வந்தது. யோசிக்கத் தந்த ஒரு நிமிடத்தில் தாளில் வாக்கியம் எதுவும் எழுதவில்லை. வினைச்சொற்கள் மட்டும் ஐந்து, எல்லாம் இறந்த காலத்தில். இதுவும் ஆசிரியை சொல்லித்தந்ததுதான். முதல் வருடம் எனக்கு ஊசி போடக் கற்றுத்தந்த மூத்த சிஸ்டரைப் பற்றிப் பேசினேன். என் கை நடுங்கியது, அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, முதல் நோயாளி வலிக்கவில்லை என்று சொன்னது. பேசிக்கொண்டே இருக்கும்போது தேர்வாளர் நன்றி சொல்லி நிறுத்தினார். இரண்டு நிமிடம் முடிந்திருந்தது. நேரம் முடிந்து அவர் நிறுத்துவது நமக்குக் குறை இல்லை என்று தெரிந்திருந்ததால் பதறவில்லை.

யாருக்கு இது சரிவரும்? ஆங்கிலம் ஓரளவு படிக்க, எழுத வரும், பேசும்போது மட்டும் தடுமாறுகிறது என்பவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். அடிப்படை வாக்கியமே இன்னும் கைவராதவர்கள் முதலில் வேறு வகுப்பில் சேர்ந்து அதைச் சரிசெய்துகொண்டு வரலாம், இங்கே அதற்கு நேரமில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சேருவதும் வீண். பழக்கத்தை மாற்ற எனக்கே ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் பிடித்தது. சேர்ந்தால் ஒரே ஆசிரியர்தான் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள். விவாதப் பகுதியை முதல் மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். சேர வசதி இல்லாதவர்கள் போனிலேயே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, ஒரு நோட்டில் அப்படியே எழுதிப் பாருங்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் 11 'ஆக்சுவலி', கடைசிப் பக்கத்தில் ஒன்று.