டாக்டர் பார்ப்பதா, லேபில் கொடுப்பதா?

எரிச்சல் இல்லை, சீழ் இல்லை, புண் இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததால் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பால்வினை நோய் டாக்டர் ஒருவரிடம் போனேன். திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம். "ஒண்ணும் இல்லப்பா, கிளீனா இருக்கு" என்றார். மூன்று மாதம் கழித்து, நண்பன் நச்சரித்ததால் லேபில் சிறுநீர் கொடுத்தேன். உடலுறவில் தொற்றும் பாக்டீரியா நோயான கிளமீடியா பாசிட்டிவ். இடையில் யாரோடும் எதுவும் இல்லை. ஆக, அன்றைக்கும் அது உள்ளேதான் இருந்திருக்கிறது.

கிளமீடியா தொற்றிய பெண்களில் பத்தில் ஏழு பேருக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும் அறிகுறியே தெரிவதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாலும் அகப்படாது. அதனால் என் ஓட்டு லேபுக்கு. ஆனால் அங்கேயும் கவனம் வேண்டும்: சாதாரண யூரின் கல்ச்சரில் இது வராது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை என்று கேட்க வேண்டும். லேப் பையன் பழக்க தோஷத்தில் "நடுவுல வர்றதைப் பிடிங்க சார்" என்றான். இதற்கு முதலில் வருவதுதான் வேண்டும், அதுவும் ஒரு மணி நேரமாவது அடக்கிவைத்த பிறகு. உறவுக்குப் பின் இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: இந்தச் சோதனை ஒருமுறையோடு முடிவதில்லை. டாக்சிசைக்ளின் மாத்திரை 100 மி.கி., தினம் இரண்டு, ஏழு நாள் சாப்பிட்டேன். பழைய துணைக்கும் போன் போட்டுச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தை விவரிக்க வேண்டாம். மறுதொற்று சகஜம் என்பதால் மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு நாலு வாரத்துக்குள் கொடுத்தால் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் காட்டிவிடும். இன்னொரு தடவை பேண்ட்டைக் கழற்றி நிற்க வேண்டும் என்றால் நான் போயிருக்கவே மாட்டேன். டப்பாவில் பிடித்துக் கொடுப்பதென்றால் ஆபீஸ் போகிற வழியில் முடிகிறது.

பெண்கள் பிறப்புறுப்பிலிருந்து தாங்களே பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுத்தாலும் டாக்டர் எடுப்பதற்குச் சமம்தான். அந்த அனுபவம் எனக்கில்லை. தொண்டையிலோ ஆசனவாயிலோ தொற்று இருந்தால் சிறுநீரில் தெரியாது, அங்கிருந்தே எடுக்க வேண்டும். சிபிலிஸ், எச்ஐவி ஆகிய பால்வினை நோய்கள் இரண்டுக்கும் ரத்தச் சோதனைதான். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் அதற்குக் காசு கிடையாது.

டாக்டரின் கண்ணுக்கும் வேலை உண்டு. மரு, வலிக்காத சிபிலிஸ் புண், உள்ளங்கைத் தடிப்பு எல்லாம் நாமே கவனிக்காமல் விடுபவை. அப்படி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் முதலில் அவரிடம்தான் போவேன், லேப் அப்புறம்.