கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு இணையப் பாதுகாப்பு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய கடை எங்களுடையது. முன்பக்கம் மாதிரி அட்டைகளும் கல்லாவும். உள்ளே வடிவமைப்புக்கு இரண்டு கணினிகள், டேலியில் பில் போட ஒன்று, கடைக்கென்று ஒரு கைப்பேசி. அச்சு வேலை திருவல்லிக்கேணியில் நடக்கிறது. 2020 பொதுமுடக்கத்துக்குப் பிறகு ஆர்டர், மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி), முன்பணம் எல்லாம் வாட்ஸ்அப்புக்கும் யுபிஐக்கும் மாறின. மோசடிக்காரர்களும் அதே வழியாக வரத் தொடங்கினார்கள். அப்போதிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்ட ஏற்பாடுகளில் எது நிலைத்தது, எது வீண் செலவு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

காசு கொடுத்து வாங்கியவற்றைவிட, 'எங்கள் கடையில் இதை இப்படித்தான் செய்வோம்' என்று வகுத்துக்கொண்ட வழக்கங்களே எங்களை அதிகம் காப்பாற்றியிருக்கின்றன. மோசடிக்காரனுக்கு வேண்டியது ஊழியரின் அவசரம். ஆவணியிலும் தையிலும் அது எங்களிடம் தாராளமாகக் கிடைக்கும். அந்த நெருக்கடியில் யாரும் தனியாக நின்று முடிவெடுக்கும் நிலை வராதபடி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலையே நேராகத் தாக்கும் மோசடி ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்ற பெயரில் ஒரு கோப்பு வரும். அனுப்பியவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார், ஏனென்றால் அவருடைய கைப்பேசி ஏற்கெனவே சிக்கியிருக்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடியும். அது படமும் அல்ல, பிடிஎஃப்பும் அல்ல, ஆண்ட்ராய்டு செயலி. அதை நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி நம் கண்ணில் படும்போதே அவர்கள் கைக்கும் போய்விடும். நல்ல காரியத்துக்கு வரும் அழைப்பை யாரும் சந்தேகத்தோடு திறப்பதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் திருடுகிறார்கள் என்பதால் இதன்மேல் எனக்குத் தீராத கோபம்.

இதற்கு நாங்கள் செய்தது இரண்டு காரியங்கள். ஆர்டர் சீட்டிலேயே 'எங்கள் கடையிலிருந்து பிடிஎஃப், படம், காணொளி ஆகிய மூன்று வகைக் கோப்புகள் மட்டுமே வரும். எதையும் நிறுவச் சொல்ல மாட்டோம்' என்று அச்சடித்துவிட்டோம். கடைக் கைப்பேசியில் வாட்ஸ்அப், பிரவுசர், கோப்பு மேலாளர் மூன்றுக்கும் 'தெரியாத செயலிகளை நிறுவும்' அனுமதியை அணைத்து வைத்திருக்கிறோம். பிளே ஸ்டோருக்கு வெளியேயிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை. சீட்டில் இருக்கும் அந்த வரிகளுக்குப் பலன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பெண் வீட்டார் அதைப் படம் எடுத்துத் தங்கள் உறவினர் குழுக்களில் போடுகிறார்கள். சந்தேகமான கோப்பு வந்தால் திறப்பதற்கு முன்பு கடைக்கு அழைத்துக் கேட்கிறார்கள்.

அடுத்தது கல்லா. பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் காட்டிவிட்டு அட்டைக் கட்டோடு வெளியேறுவது பழைய வித்தை. உண்மையான செயலியைப் போலவே பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகள் இருப்பதால், வாடிக்கையாளரின் கைப்பேசித் திரையை நாங்கள் பார்ப்பதே இல்லை. சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது எங்கள் வணிகர் செயலியில் வரவு தெரிய வேண்டும். சவுண்ட் பாக்ஸ் பெரும்பாலும் ஒழுங்காகப் பேசுகிறது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் சிக்னல் தடுமாறும் மாலை நேரங்களில் மட்டும் தாமதிக்கும். கல்லாவில் இருக்கும் அக்கா, "பெட்டி சொல்லட்டும் சார், அதுவரை ஒரு காபி சாப்பிடுங்கள்" என்பார். ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்த பிறகு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காலையில் கடை திறந்ததும் கியூஆர் ஒட்டியை ஒருமுறை ஸ்கேன் செய்து, எங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். மேலே வேறு ஒட்டியை ஒட்டிவிட்டுப் போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பரங்கிமலையில் பணியாற்றும் ராணுவ அதிகாரி என்று சொல்லிப் பெரிய ஆர்டர் கொடுக்கும் அழைப்பு எங்கள் தெருவில் பல கடைகளுக்கு வந்திருக்கிறது. முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து, நம் ரகசிய 'பின்' (PIN) எண்ணைப் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் பெற, பின் எண் ஒருபோதும் தேவையில்லை. போட்டால் பணம் போகும், வராது. தனிநபருக்குத் தனிநபர் பணம் கோரும் வசதியை, யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது நல்ல முடிவு. ஆனால் கியூஆரை ஸ்கேன் செய்ய வைக்கும் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. கடையில் பின் எண் தெரிந்தவர்கள் நானும் என் தம்பியும் மட்டுமே. கல்லாவில் இருப்பவர் ஏமாந்தாலும் அவரால் பணம் அனுப்ப முடியாது என்பது அவருக்கே பெரிய நிம்மதி.

பலர் பேசாத ஓர் ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எவரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணம் கைமாறி, நாம் விற்ற பொருளுக்கான விலையாக நம் கணக்கில் வந்து விழுந்தால், புகாரைத் தொடர்ந்து நம் கணக்கும் முடக்கப்படலாம். பக்கத்துத் தெருவில் காகித வியாபாரம் செய்யும் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. எங்கோ வேறு மாநிலத்தில் பதிவான புகார், அவருக்கு வந்ததோ சாதாரண முன்பணம். அவர் பக்கம் தவறே இல்லை. ஆனாலும் சம்பளம் கொடுக்கும் நாளில் கணக்கைத் தொட முடியவில்லை, அந்த மாநிலக் காவல் துறைக்குக் கடிதமும் பில்லும் அனுப்பி அலைந்தார். அதைப் பார்த்த பிறகு நாங்கள் இரண்டு நடப்புக் கணக்குகள் வைத்துக்கொண்டோம். கியூஆர் வரவு ஒன்றில் மட்டும் விழும். தினமும் மாலையில் அதிலிருந்து எடுத்து, சம்பளத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுவோம். இது முழுப் பாதுகாப்பு ஆகாது, மாற்றிய பணத்தைத் தொடர்ந்தும் கேள்வி வரலாம். ஆனால் கடை ஒரே நாளில் நின்றுபோகாது. ஒவ்வொரு முன்பணத்துக்கும் ஆர்டர் சீட்டு, வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த மெய்ப்பு, ஜிஎஸ்டி பில் மூன்றையும் ஒரே கோப்புறையில் போடுகிறோம். கேள்வி வந்தால் இது நேர்மையான வியாபாரம் என்று அன்றே காட்ட முடியும். இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு இரண்டாவது கணக்கின் குறைந்தபட்ச இருப்புதான். என்னைக் கேட்டால் ஒவ்வொரு சிறு கடையும் இதை முதலில் செய்ய வேண்டும்.

'தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்ற அழைப்புக்கும் ஒரு விதி உண்டு. வரவைக் குறுஞ்செய்தியில் பார்க்க மாட்டோம், வங்கிக் கணக்கில்தான் பார்ப்போம். உண்மையிலேயே வந்திருந்தால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டுமே திரும்பிப் போகும்.

காகிதம் அனுப்பும் மொத்த வியாபாரியிடமிருந்து ஓர் ஆவணி மாதம், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. லெட்டர்ஹெட், கையொப்பம், பில் எண் எல்லாம் சரியாக இருந்தன. கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் பழைய அச்சுப் பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் குரலில் கேட்ட பிறகுதான் பணம் என்பது எங்கள் வழக்கம். அழைத்தபோதுதான் அவர்களுடைய மின்னஞ்சலே வேறொருவர் கையில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 2025 ஏப்ரல் 1-க்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற வங்கிப் பணமாற்று முறைகள் இரண்டிலும் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி வங்கிகளில் வந்தாக வேண்டியிருந்தது. இப்போது பணம் அனுப்பும் முன் திரையில் வரும் அந்தப் பெயரையும் பில்லோடு ஒப்பிடுகிறோம். ஆனால் தொலைபேசி அழைப்பை விடவில்லை.

கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பிட்வார்டன் செயலியைப் பயன்படுத்துகிறோம், இலவசப் பதிப்பே எங்களுக்குப் போதும். பழகுவதற்குச் சில வாரங்கள் முரண்டு பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதன் பெரிய நன்மை நான் நினைத்த இடத்தில் இல்லை. போலி வங்கித் தளத்தில் அது தானாகக் கடவுச்சொல்லை நிரப்பாது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது அசையாது. 'ஏன் நிரப்பவில்லை?' என்ற கேள்வி எழும் அந்த நொடியே எச்சரிக்கை. வங்கித் தளங்களின் முகவரிகள் 'பேங்க்.இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் இறுதியைக் கெடுவாக வைத்தது, இதைச் சரிபார்ப்பதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. வடிவமைப்பாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் எந்தெந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பதற்கும் இப்போது ஒரே பட்டியல் இருக்கிறது.

ஜிமெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு, வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்கப் பின் எண், சனிக்கிழமை தோறும் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைப் பார்ப்பது ஆகியவை பல் துலக்குவதைப் போல ஆகிவிட்டன. கூரியர் நிறுவனம் என்று சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தக் கூடாது. அது நம் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பிவிடும். ##002# அழுத்தினால் அந்தத் திருப்பம் ரத்தாகும்.

காசு கொடுத்து வாங்கிய ஆன்ட்டிவைரஸைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டேன். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் எங்கள் அளவுக்குப் போதுமானது. அந்தப் பணத்தை உரிமம் பெற்ற வடிவமைப்பு மென்பொருளில் போட்டேன். எங்கள் தொழிலில் உரிமப் பூட்டை உடைத்த (கிராக்) மென்பொருள் பயன்படுத்துவது ஊரறிந்த நோய். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், அதிலும் எஸ்டிஓபி-டிஜேவியு வகை, பெரும்பாலும் அப்படிப்பட்ட கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் வந்தது. உரிமத்துக்கு ஆகும் செலவு கடிக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களை, வலையில் இணைக்காத பழைய லினக்ஸ் கணினியில் மட்டுமே திறக்கிறோம். கூட்டம் இருக்கும் நாளில் இது நேரம் எடுக்கும். அதனால் முடிந்தவரை மின்னஞ்சலில் கேட்கிறோம்.

பேக்கப்புக்கு இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒன்று கடையில், கணினியிலிருந்து கழற்றிய நிலையில். மற்றது பெரம்பூரில் எங்கள் வீட்டு இரண்டாவது மாடியில். வாரம் ஒருமுறை இடம் மாறும். எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவும் இருக்கிறது, ஆனால் பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் போய் நல்ல கோப்பின் இடத்தில் உட்காரும் என்பதால் அதை மட்டும் நம்புவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தை வெள்ளத்தில் வைத்திருந்த நாட்களில், கடை எப்படி இருந்தாலும் மாடியில் எல்லாம் இருக்கிறது என்ற தெம்பில்தான் தூங்கினேன். ஆடியில் வேலை குறைவு என்பதால், அந்த மாதம் பேக்கப்பிலிருந்து பழைய ஆர்டர்களை மீட்டுத் திறந்து பார்ப்போம். எங்கள் தொழிலில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய தமிழ்க் கோப்புகள் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். எழுத்துருவையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால் மீண்டு வருவது பத்திரிகை அல்ல, புரியாத குறிகள்.

இத்தனைக்கும் மேலாக நான் பெரிதாக நினைப்பது, ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கும் ஒரு வாக்கு. ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். திட்டமாட்டேன், சம்பளத்தில் பிடிக்கமாட்டேன். பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கு லாபம். கல்லாவில் 1930 என்ற எண் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் அழைத்தால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி ஒரு பகுதி மீண்டது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியும் விரைவைத்தான் கேட்கிறது: நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் அத்துமீறலால் போன பணத்தை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் இழப்பு.

மின் இணைப்பை இன்றிரவு துண்டிப்போம் என்ற குறுஞ்செய்தி, போலீஸ் என்று சொல்லிக் காணொளி அழைப்பிலேயே 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டுவது எல்லாவற்றுக்கும் கடையில் ஒரே பதில்: "முதலாளி வந்ததும் பேசுங்கள்." சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் என்று வந்தால், அதிலுள்ள ஆவண அடையாள எண்ணை, மத்திய மறைமுக வரி வாரியமான சிபிஐசியின் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஆடிட்டருக்கே அனுப்புகிறேன்.

இன்னும் தீராத ஒன்று, அட்டை வெட்டும் பிளாட்டரை இயக்கும் பழைய விண்டோஸ் 10 கணினி. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பிளாட்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளோ புதிய விண்டோஸில் ஓடவில்லை. இப்போதைக்கு அதன் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சோதித்த பென் டிரைவில் மட்டும் கோப்பு கொடுக்கிறோம். புதிய பிளாட்டருக்கு விலை கேட்டிருக்கிறேன். கட்டுப்படியானால் வரும் ஆடியில் மாற்றிவிடுவேன்.