லோடு 14 என்று காட்டி கோர் விற்கிறார்கள், பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

இரண்டு கோர் (சிபியுவின் கணிப்பு அலகு) கொண்ட விபிஎஸ், அதாவது ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர். தளம் திணறுகிறது என்று அவர்களிடம் டிக்கெட் (புகார்) போட்டதற்கு, "லோடு ஆவரேஜ் 14, சிபியு போதவில்லை, எட்டு கோர் பிளானுக்கு மாறுங்கள்" என்று பதில் வந்தது. மாறிய பிறகும் லோடு இறங்கவில்லை. எட்டு கோரும் பெரும்பாலும் சும்மா கிடந்தன. கோளாறு டிஸ்க்கில். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

லோடு ஆவரேஜ் சதவீதமே அல்ல, சராசரியாக எத்தனை ப்ராசஸ்கள் (ஓடும் நிரல்கள்) வேலையில் அல்லது காத்திருப்பில் உள்ளன என்ற தலைக்கணக்கு. லினக்ஸில் சிபியுவில் ஓடுபவை, முறைக்கு வரிசையில் நிற்பவை மட்டுமல்ல, டிஸ்க் பதில் சொல்லும்வரை அசையமுடியாமல் 'டி' நிலையில் கிடக்கும் ப்ராசஸ்களும் அதில் சேரும். 1993இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் செய்த மாற்றம் இது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்பு தரும்) சர்வர் தொங்கிவிட்டால் சிபியு ஒரு வேலையும் செய்யாமலே லோடு ஐம்பதைத் தாண்டலாம். மறுபக்கம், இரண்டு கோரும் 100 சதவீதம் ஓடி லோடு 2 என்றால் வரிசையே இல்லை, பயப்பட ஒன்றுமில்லை.

டிக்கெட்டுக்கு 'சரி' சொல்லுமுன், தளம் திணறும் நேரத்திலேயே 'விஎம்ஸ்டாட் 1 10' (vmstat 1 10) கட்டளையை ஓட்டுங்கள், நொடிக்கு ஒன்றாகப் பத்து வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது மெஷின் பூட் ஆனதிலிருந்தான சராசரி. 'ஆர்' (r, ஓடுபவையும் முறைக்கு நிற்பவையும்) பத்தி கோர் எண்ணிக்கையைவிட எப்போதும் அதிகமாகவும் 'ஐடி' (id, சிபியு சும்மா இருக்கும் சதவீதம்) பூஜ்ஜியத்தை ஒட்டியும் இருந்தால்தான் கோர் உண்மையிலேயே போதவில்லை. 'பி' (b, அசையமுடியாமல் கிடப்பவை), 'டபிள்யூஏ' (wa, டிஸ்க்குக்காகக் காத்த நேரம்) இரண்டும் ஏறியிருந்தால் கோளாறு டிஸ்க்கில். 'எஸ்ஐ' (si), 'எஸ்ஓ' (so) விடாமல் ஓடினால் ரேம் போதாமல் ஸ்வாப் ஆகிறது (நினைவகத்தில் இருப்பது டிஸ்க்குக்குப் போய் வருகிறது), கோர் வாங்கி ஒரு பயனும் இல்லை.

'எஸ்டி' (st) பத்தியை மறக்காதீர்கள். உங்களுக்கு வரவேண்டிய சிபியு நேரத்தை ஹோஸ்ட் (பல விபிஎஸ்களைத் தாங்கும் நிஜ மெஷின்) வேறு யாருக்கோ கொடுக்கிறது என்று பொருள். அது தொடர்ந்து பத்து சதவீதத்துக்கு மேல் நின்றால் ஒரே மெஷினில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பணம் கட்டுமுன் வேறு நோடுக்கு (வேறு ஹோஸ்ட் மெஷினுக்கு) மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

டிஸ்க் என்று தெரிந்தால் 'பிஎஸ்' (ps) கட்டளையில் 'டி' நிலை ப்ராசஸ்கள் எவை என்று பிடித்து, 'ஐஓஸ்டாட்' (iostat -x) காட்டும் காத்திருப்பு மில்லிசெகண்டோடு சேர்த்து டிக்கெட்டில் ஒட்டுங்கள்.

கன்டெய்னர் வகை (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும்) விபிஎஸ் என்றால் இன்னொரு பொறி: பல இடங்களில் உள்ளே தெரியும் லோடு முழு ஹோஸ்டினுடையது. அக்கம்பக்கத்தாரின் சுமைக்கு உங்களிடம் பில் வரும்.